இலைக்கு ஒரு பென்சில் பெட்டி: அன்பு மரத்தை வைத்திருப்பதா, கிழிப்பதா?

கோட்டையூர் டீச்சர் | வெள்ளி, இரவு 9.10

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைகள். கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள், பலகாரக் கடைக்கு முறுக்குச் சுற்றப் போகிறவர்களின் பிள்ளைகள், அரிசி ஆலை வேலைக்காக வடக்கேயிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு பேர்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் கரும்பலகைக்குப் பக்கத்தில் சார்ட் தாளில் ஒரு மரம் வரைந்து ஒட்டினேன். பெயர் அன்பு மரம். யார் யாருக்கு உதவினாலும் உதவியவர் பெயர் எழுதிய பச்சை இலை ஒன்று மரத்தில் ஏறும். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இலைகளை எண்ணுவோம். அதிக இலை வைத்திருப்பவருக்கு ஒரு பென்சில் பெட்டி. செலவு என் கையிலிருந்துதான்.

முதல் வாரம் கண்கொள்ளாக் காட்சி. கீழே விழுந்த ஒரு பென்சிலை எடுக்க மூன்று பேர் பாய்ந்தார்கள். மூன்றாவது வாரத்தில்தான் ஒன்று உறைத்தது. பென்சில்கள் கீழே விழுவதும் கூடியிருந்தது.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் பக்கத்துப் பெண்ணின் ரப்பரை மதியமே எடுத்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கடைசி மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, "கண்டுபிடித்துவிட்டேன் டீச்சர்!" என்று எழுந்தான். ரப்பரின் ஒரு முனையில் கடலைமிட்டாய் ஒட்டியிருந்தது. மிட்டாய் அவன் பையில் இருந்தது. அந்த இலையோடு அவனுக்கு ஒன்பது. பென்சில் பெட்டி அவனுக்குத்தான் போயிருக்கும். "அடுத்த வாரம் எண்ணிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் தப்பித்து வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பையனுக்கு வலது கையில் மாவுக்கட்டு. பத்து நாளாக அவனுடைய சத்துணவு முட்டையை ஒரு பெண் உரித்துக் கொடுக்கிறாளாம். சத்துணவு ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரத்தில் அவள் பெயரில் ஓர் இலைகூட இல்லை.

மரத்தைக் கிழித்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பள்ளத்தூர்க்காரி | வெள்ளி, இரவு 9.34

டீச்சர், என் மகள் வேறு பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அங்கே மரம் இல்லை. நல்லது செய்தால் புறங்கையில் சிவப்புப் பேனாவால் ஸ்டார் போடுகிறார்கள். அது அழிந்துவிடும் என்று கையைக் கழுவ மறுத்து, நேற்றுச் சாம்பார் சாதத்தை ஸ்பூனில் தின்றாள். அதுகூடப் பரவாயில்லை. காலையில் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னேன். "தந்தால் எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்டாள். இதுவரை கேட்டதே இல்லை.


கொத்தமங்கலம் ஐயா | வெள்ளி, இரவு 10.02

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன்.

புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற புலவர், வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடுகிறார். இந்தப் பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு அறம் செய்பவனுக்கு அவர் வைக்கும் பெயர் 'அறவிலை வணிகன்'. ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்கிறார். டீச்சர், உங்கள் மரத்தின் கீழே 31 அறவிலை வணிகர்களைப் பயிற்றுவிக்கிறீர்கள். மறுபிறப்புவரை காத்திருக்கும் பொறுமைகூட அவர்களுக்குத் தேவையில்லை. வெள்ளிக்கிழமையே பட்டுவாடா.

பெரியவர்கள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. கோயில்களில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். உபயதாரர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், விலாசம் எல்லாம் எழுதி மிச்சமிருக்கும் இரண்டு அங்குலத்தில்தான் வெளிச்சம் வரும்.


புதுவயல் மில்காரர் | வெள்ளி, இரவு 10.20

ஐயா, வணிகனைத் திட்டுவதற்கு உங்களுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா? செட்டிநாட்டில் வந்து சொல்கிறீர்கள்.

பெயர் போடுவதில் என்ன தப்பு? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அழகப்பர் பெயரை நாம் சொல்லாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. டியூப்லைட் கொடுத்தவன் பெயரைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரன் மின்விசிறி வாங்கித் தருகிறான். கோயிலுக்குக் காற்று வருகிறதா இல்லையா?

ரப்பர் பையனைப் பற்றி ஒன்று. அவனைத் திருடன் என்று நினைக்காதீர்கள் டீச்சர். உதவிக்கு நீங்கள் விலை வைத்தீர்கள். விலை வைத்தால் சந்தைக்குச் சரக்கு வரத்தான் செய்யும். கொஞ்சம் கலப்படச் சரக்கு, அவ்வளவுதான்.


கொத்தமங்கலம் ஐயா | வெள்ளி, இரவு 10.31

அழகப்பர் பென்சில் பெட்டிக்காகக் கொடுக்கவில்லை. கொடுத்தவரை ஊர் நினைவில் வைப்பது வேறு, கொடுக்கச் சொல்லி ஊர் பரிசை நீட்டுவது வேறு. மற்றபடி கலப்படச் சரக்கு என்றது நன்றாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.


அழகப்பாபுரம் மாணவி | சனி, காலை 7.15

எம்.எட். படிக்கிறேன். இதே கேள்வி எங்கள் வகுப்பிலும் வந்தது. படித்ததில் இரண்டைச் சொல்கிறேன்.

1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த ஆய்வு. படம் வரைவதில் தாமாகவே ஆர்வமுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லித் தந்தார்கள். சில நாள் கழித்து வண்ணப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தக் குறைவு இல்லை.

இரண்டாவது, உதவியைப் பற்றியே. 2008இல் ஜெர்மனியில் வார்னெக்கனும் தோமசெல்லோவும் வெளியிட்டது. 20 மாதக் குழந்தைகள்! ஒருவர் கைதவறிக் கீழே போட்டதைக் குழந்தை எடுத்துக் கொடுக்கிறது. சிலருக்கு ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பொருள், சிலருக்குப் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு பரிசை நிறுத்திப் பார்த்தார்கள். பொருள் பெற்றுப் பழகிய குழந்தைகள் உதவுவது குறைந்துவிட்டது. வாய்ச்சொல்லால் பாராட்டப்பட்டவர்களிடமும் ஒன்றும் பெறாதவர்களிடமும் குறையவில்லை.

ஆகவே டீச்சர், பென்சில் பெட்டியை நிறுத்துங்கள். இலை இருக்கட்டும்.


கோட்டையூர் டீச்சர் | சனி, காலை 8.40

நன்றி. ஆனால் ஒரு சின்ன முனகல். அந்தக் குழந்தை ஒற்றை ஆளாக ஓர் அறையில் இருந்தது. என் வகுப்பில் 31 பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியை நிறுத்தினாலும் 'அவளுக்கு ஒன்பது, எனக்கு இரண்டு' என்பது சுவரிலேயே தொங்குமே? பெட்டியைவிட அந்த எண்ணிக்கைதான் பிள்ளைகளைப் படுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. மூன்று பேருக்கு இன்னும் ஒன்றுமே ஏறவில்லை. அவர்கள் மரத்துப் பக்கமே திரும்புவதில்லை.


பழைய பிரம்பு | சனி, காலை 9.05

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பிள்ளை உதவி செய்தால் அது கடமை. செய்யாவிட்டால் இரண்டு போடு. நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். நன்றாகத்தானே இருக்கிறோம்.


பள்ளத்தூர்க்காரி | சனி, காலை 9.11

நன்றாக இருக்கிறீர்களா என்பதை உங்கள் வீட்டில் உள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும்.


அழகப்பாபுரம் மாணவி | சனி, காலை 9.20

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் தடை. இத்துடன் பிரம்பை ஓரமாக வைப்போம்.


குன்றக்குடிக்காரன் | சனி, பகல் 12.50

டீச்சர், நான் சொல்கிறேன் பாருங்கள், உங்கள் வகுப்பில் இந்நேரம் மொய் தொடங்கியிருக்கும். கல்யாணத்தில் நம் வீட்டுக்கு 500 எழுதியவருக்கு நாம் 500 திருப்பி எழுதாவிட்டால் என்ன ஆகும்? நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே கிளம்புகிறோம். பிள்ளைகள் அதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.


கோட்டையூர் டீச்சர் | திங்கள், மாலை 5.30

குன்றக்குடி அண்ணன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். இன்று மதியம் காதைக் கொடுத்துக் கேட்டேன். "போன வாரம் நான் உனக்கு இரண்டு இலை சொன்னேன். நீ எனக்கு ஒன்றுதான் சொன்னாய்." பாக்கி கேட்கிறாள்! அந்தப் பக்கத்திலிருந்து, "நாளைக்குத் தருகிறேன்" என்று பதில்.

பெட்டியை நிறுத்திவிட்டேன். மரம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.


தேவகோட்டை ரஸ்தா | திங்கள், இரவு 11.25

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

இங்கே எல்லோரும் உதவி செய்கிற பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உதவி வாங்கிய பிள்ளை. முப்பது வருடம் ஆகிறது. நான்காம் வகுப்பு. எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று வேண்டாம். அம்மா சித்தாள் வேலைக்குப் போவாள். என் சீருடைப் பாவாடை பின்பக்கம் கிழிந்து, ஊசி நூலால் இழுத்துப் பிடித்து, பிறகு இழுக்கவும் துணி இல்லாமல் போய்விட்டது. பக்கத்தில் உட்காருகிறவள் ஒருநாள் இடைவேளையில் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். அவளுடைய போன வருடப் பாவாடை. "எனக்குச் சின்னதாகிவிட்டது, உனக்குச் சரியாக இருக்கும்" என்றாள். வாங்கிப் பைக்குள் வைத்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் வகுப்புக்கு வந்தோம். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

அவள் வீட்டில் சொல்லியிருப்பாள் போல. வீட்டிலிருந்து டீச்சர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை வழிபாட்டில் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் தோளில் கைவைத்து, "எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்" என்றார்கள். பள்ளிக்கூடமே கைதட்டியது. அவளுக்குக் கைதட்டினார்கள். நான் அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கைதட்டல் முடியும்வரை நின்றேன்.

அன்று மதியத்துக்குள் அந்தப் பாவாடைக்கு அவள் பெயர் வந்துவிட்டது. என் பாவாடையைச் சுட்டி அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த நாள் நான் கிழிந்ததையே கட்டிக்கொண்டு போனேன். அம்மாவிடம் அடியும் வாங்கினேன். பாவாடை கொடுத்தவள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை, கூச்சம். இருவரும் வேறு வேறு பெஞ்சுக்குப் போனோம்.

ஒன்பது வயதுப் பிள்ளை கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அந்த நாசூக்கு டீச்சருக்கு இல்லாமல் போனது. டீச்சரும் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

மாவுக்கட்டுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். முட்டை உரிக்கிறவளுக்கு இலை ஒட்டினால் அந்த இலையில் அவனும் இருப்பான்.


பள்ளத்தூர்க்காரி | திங்கள், இரவு 11.48

ஆச்சி, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.


கொத்தமங்கலம் ஐயா | செவ்வாய், காலை 6.05

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து அலமாரியிலிருந்த பழைய ஆல்பத்தை எடுத்தேன். நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஆண்டுதோறும் உபயதாரர்களை அழைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குவோம். வரிசையாக மேடையேற்றிப் படம் எடுப்போம். ஏழு ஆண்டுப் படங்கள் இருக்கின்றன. கொடுப்பவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். வாங்கும் பிள்ளைகளில் கேமராவைப் பார்ப்பவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் பார்வை நோட்டில் அல்லது தரையில். இத்தனை வருடம் இந்த ஆல்பத்தை வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

அறவிலை வணிகன் என்று முதலில் எழுதியவன் நான்தான். எழுதிய கை இதுதான்.


புதுவயல் மில்காரர் | செவ்வாய், காலை 8.15

ஐயா, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அந்த நோட்டில் எழுதிப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

ரஸ்தா ஆச்சி சொன்ன பிறகு என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. கோயிலுக்கு விளக்குக் கொடுக்கலாம், பெயரும் போடலாம். வாங்கிக்கொள்கிற சாமி கூச்சப்படாது. பிள்ளை கூச்சப்படும். இதை நான் யோசிக்கவில்லை.


ஈப்போ நாச்சி | செவ்வாய், காலை 10.30

மலேசியாவில் இருக்கிறேன், பூர்வீகம் கானாடுகாத்தான். எல்லாவற்றையும் மூடிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். கனடாவின் வான்கூவரில் 19 வகுப்பறைகளில், 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. ஒரு பகுதியினரை வாரம் மூன்று நற்செயல் செய்து அதை எழுதி வரச் சொன்னார்கள். மற்றவர்களை வாரம் மூன்று இடங்களுக்குப் போய் வந்து எழுதச் சொன்னார்கள். நான்கு வாரம். இரு தரப்புப் பிள்ளைகளும் முன்பைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆனால் நற்செயல் செய்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பிய வகுப்புத் தோழர்கள் அதிகமானார்கள். அங்கே எண்ணிக்கைப் போட்டி இல்லை, மேடை இல்லை. செய்தார்கள், எழுதினார்கள், அவ்வளவுதான்.


ஆத்தங்குடிக் கல் | செவ்வாய், இரவு 8.50

தரையில் பதிக்கிற பூக்கல் போடுகிற வேலை எனக்கு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், உங்கள் வகுப்பில் யார் இலை சொல்கிறார்கள்? செய்தவனே வந்து சொன்னால் அது விளம்பரம். லீடர் சொன்னால் அதைவிட மோசம். நான் படிக்கும்போது லீடர் பலகை மூலையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு எழுதுவான். திரும்பவும் பேசினால் பெருக்கல் குறி. என் பெயருக்குப் பின்னால் ஆறு பெருக்கல் குறி நிற்கும். நான் வாயே திறக்காத நாளிலும் என் பெயரைத்தான் முதலில் எழுதிவிட்டு அப்புறம் வகுப்பைப் பார்ப்பான். பழகின கண் அப்படி.

எங்கள் வேலையில் கண்ணாடி மேல் சட்டம் வைத்துச் சாயத்தை ஊற்றுகிறோம். அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த கலவை. போடும்போது எங்களுக்குத் தெரிவது சாம்பல் நிற முதுகு மட்டும்தான். பூ கீழே கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கும். திருப்பினால்தான் தெரியும். அதனால் எனக்கு முதுகை வைத்துக் கல்லைச் சொல்லுகிற பழக்கம் இல்லை.

இலையே ஏறாத மூன்று பேர் என்றீர்களே, அதில் ஒருவனை ஒருநாள் முழுக்கப் பாருங்கள். அவனுக்குத் தெரியாமல்.


கோட்டையூர் டீச்சர் | வெள்ளி, இரவு 8.00

புதன் காலை பிள்ளைகள் வருவதற்கு முன்பே மரத்தை இறக்கிவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை, சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டார்கள். "இலையுதிர்காலம்" என்றேன். "நம்ம ஊரில் ஏது டீச்சர்?" என்று ஒருத்தி மடக்கிவிட்டாள். பதில் இல்லை.

பதிலுக்கு ஒரு பழைய நெய் டின்னில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். விதி இரண்டு. உதவி பெற்றவர் மட்டும்தான் எழுதலாம், விருப்பம் இருந்தால் மட்டும். யார் பெயரும் எழுதக் கூடாது, செய்த காரியத்தை மட்டும் எழுத வேண்டும். ரஸ்தா ஆச்சிக்காக மூன்றாவது விதியையும் சேர்த்தேன். "யார் இது?" என்று யாரும் கேட்கக் கூடாது.

இன்று 11 சீட்டு. அதில் நான்கு வெறும் பூப் படம். ஒன்றில், 'டீச்சர் இன்று திட்டவில்லை.' (இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?) ஒன்று எழுத்து கோணல் மாணலாக: 'எனக்கு ழ சொல்லி குடுத்தது.' அது வடக்கேயிருந்து வந்த பையனுடையதாகத்தான் இருக்கும். எழுதியிருந்த ழ மட்டும் அச்சு மாதிரி இருந்தது. கடைசி மணியில் ஆறு சீட்டைப் படித்தேன். படிக்கும்போது பிள்ளைகள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தார்கள். ஆனால் கைதட்டவில்லை.

முட்டையைப் பற்றிச் சீட்டு எதுவும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை கைகழுவும் இடத்தில் அந்தப் பெண் தனியாக நின்றபோது, "முட்டை உரிக்கும்போது ஓட்டுத்துண்டு ஒன்றுகூட ஒட்டாமல் எடுக்கிறாய், எனக்கே வராது" என்றேன். "முதலில் உருட்ட வேண்டும் டீச்சர்" என்று உருட்டிக் காட்டினாள். அதற்கு மேல் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.


பழைய பிரம்பு | வெள்ளி, இரவு 8.22

பெயரே இல்லாமல் எழுதினால் ஊக்கம் எங்கிருந்து வரும்? இது நாலு நாள் கூத்து.


கோட்டையூர் டீச்சர் | வெள்ளி, இரவு 8.30

இருக்கலாம் ஐயா. நாலு நாள் ஓடினால் ஐந்தாம் நாள் பார்த்துக்கொள்கிறேன்.

ஆத்தங்குடி அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒருநாள் பார்க்கச் சொன்னீர்கள். நான் இரண்டு நாள் பார்த்தேன், நேற்றும் இன்றும்.

இலையே ஏறாத மூவரில் ஒரு பையன் ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் வகுப்புக்குத் தாமதமாக வருவான். ஜூன் முதலே இப்படித்தான். சட்டையெல்லாம் ஈரம். தண்ணீரில் விளையாடுகிறான் என்று வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஒரு தடவை வீட்டுக்குச் சொல்லி அனுப்பியும் இருக்கிறேன்.

எங்கள் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு குழாய். ஒன்று உடைந்து துணி கட்டிக் கிடக்கிறது. இன்னொன்று இறுகிப்போன பழைய பித்தளைத் திருகு குழாய். எனக்கே இரண்டு கை வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளால் அசைக்கவும் முடியாது. மணி அடித்ததும் இவன் ஓடிப்போய்க் குழாயடியில் நிற்கிறான். ஒரு சின்னது வந்தால் திறக்கிறான். அது குடித்து முடித்ததும் மூடுகிறான். அடுத்ததற்குத் திறக்கிறான். திறந்தே விட்டால் தொட்டி காலியாகிவிடும் அல்லவா? நேற்றுக் காலை இடைவேளையில் மட்டும் பதினான்கு தடவை எண்ணினேன். எல்லோரும் போன பிறகு கடைசியில்தான் அவன் குடிக்கிறான். அதற்குள் இரண்டாவது மணி அடித்துவிடுகிறது.

இன்று மதியம் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீ குழாயடியில் என்ன செய்கிறாய் என்று பார்த்தேன்" என்றேன். முகம் வெளிறிவிட்டது. "இனிமேல் செய்ய மாட்டேன் டீச்சர்" என்றான்.

நான்காம் வகுப்பு வருவதற்குள், டீச்சர் 'பார்த்தேன்' என்றால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நான் அவனைத் திட்டக் கூப்பிடவில்லை என்று புரிய வைப்பதற்கே ஐந்து நிமிடம் ஆனது. இத்தனை நாள் வெளியே நிறுத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று தெரியவில்லை, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "உனக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அந்தக் குழாயை மாற்றிவிட்டால் நல்லது டீச்சர். கை வலிக்கிறது." உள்ளங்கையைக் காட்டினான். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காய்த்துப்போயிருக்கிறது.


ஆத்தங்குடிக் கல் | வெள்ளி, இரவு 8.47

அந்த இடத்தில்தான் எனக்கும் காய்த்திருக்கிறது.


பள்ளத்தூர்க்காரி | வெள்ளி, இரவு 8.55

குழாயைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்ல முடியாதா டீச்சர்?


கோட்டையூர் டீச்சர் | வெள்ளி, இரவு 9.02

சொல்லலாம். கூட்டம் அடுத்த மாதம்தான். அதுவரை அவன் கை தாங்காது. திங்கட்கிழமை நானே கடைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.


புதுவயல் மில்காரர் | வெள்ளி, இரவு 9.10

நீங்கள் அலைய வேண்டாம். ஆலைக்குக் குழாய் வேலைக்கு வருகிற ஆள் திங்கட்கிழமை காலையில் உங்கள் பக்கம்தான் வருகிறார். இரண்டு குழாயையும் மாற்றித் தரச் சொல்கிறேன். திருகு வேண்டாம், சின்னப் பிள்ளைகள் ஒரு விரலால் தள்ளித் திறக்கிற மாதிரிக் கைப்பிடி வைத்தது வந்திருக்கிறது.

அரை அங்குலமா, முக்கால் அங்குலமா?


கொத்தமங்கலம் ஐயா | வெள்ளி, இரவு 9.14

உபயம் யார் என்று எழுதப் போகிறீர்களா?


புதுவயல் மில்காரர் | வெள்ளி, இரவு 9.15

குழாயில் எங்கே ஐயா இடம் இருக்கிறது? டீச்சர், அளவைச் சொல்லுங்கள்.


கோட்டையூர் டீச்சர் | வெள்ளி, இரவு 9.20

அரை அங்குலம்.